மதிலோர நிழலுக்கு எந்தக் கொடி?



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. தேர்தலைப் பற்றியது இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்தைப் பற்றியதும் இல்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் கிடக்கிற நிழலில் என்ன கொடி நடலாம் என்பதைப் பற்றியது. "இதற்கு ஒரு பதிவா சேர்?" என்று கேட்கப்போகிறவர்கள், கடைசி வரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

சோனகதெருவிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் எங்கள் வளவுகள் சிறியவை. 2009 இற்குப் பிறகு திரும்பி வந்து வீடு கட்டியபோது மதிலையும் சேர்த்தே கட்டினோம். பழைய கிடுகு வேலியும் கதியால் வேலியும் போய், ஐந்தடி ஆறடி உயரத்தில் கல்மதில் வந்தது. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் மூன்றடி, நாலடி அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சுகிறது. காலையில் மதில் மறைக்கும், பின்னேரம் வீடு மறைக்கும். வெயில் வந்து போவது கொஞ்ச நேரம்தான்.

அந்தத் துண்டை நாங்கள் என்ன செய்கிறோம்? சிலர் சீமெந்து போட்டு மெழுகிவிடுகிறோம், இல்லாவிட்டால் இன்டர்லொக் கல் பதிக்கிறோம். சிலர் உடைந்த கதிரை, பழைய சைக்கிள், வீடு கட்டி மிஞ்சிய கல் எல்லாவற்றையும் போடுகிற இடமாக விடுகிறோம். அழகு பார்க்கிறவர்கள் பூங்கன்றுக் கடைக்குப் போய், பூத்துக் குலுங்குகிற ஒரு கொடியை வாங்கி வந்து நடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது நூலாக மெலிந்து, இலை கொட்டி, வெளிச்சத்தைத் தேடி மதிலுக்கு மேலால் போய், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூக்கிறது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த நிழல் துண்டைச் சீமெந்துக்குக் கொடுக்கக்கூடாது. வெயில் கேட்கிற பூக்கொடிக்கும் கொடுக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து வேலிகளிலும் மரத்தடிகளிலும் முன்பு படர்ந்து கிடந்த இலைக்கொடிகளுக்குத்தான் அந்த இடம். அவை அங்கே உயிர் வாழும், வீட்டுக்குச் சாப்பாடாகும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் வெயில் கணக்கு.

கடதாசிப்பூ என்று நாங்கள் சொல்கிற போகன்வில்லா பூக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். மல்லிகைக்கும் முல்லைக்கும் அதே கதை. நிழலில் வைத்தால் இலை இருக்கும், பூ இருக்காது. கொடித்தோடைக்கு அடி நிழலில் இருந்தாலும் தலை வெயிலில் இருந்தால்தான் காய் பிடிக்கும். திராட்சையைக் கேட்கவே வேண்டாம். உரும்பிராய், ஊரெழு, நீர்வேலிப் பக்கம் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்குத் தெரியும். திறந்த வெளியில், மரநிழல் படாத இடத்தில்தான் பந்தல் போட்டிருப்பார்கள். "நல்ல பசளை போட்டால் நிழலிலும் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலை சமைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். பசளை வெளிச்சத்துக்கு மாற்று இல்லை. இது ஆறாம் வகுப்பு விஞ்ஞானம்.

லண்டனில், கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்புகிற படங்களையும் யூடியூப் வீடியோக்களையும் பார்த்து ஐவி, கிளெமாட்டிஸ் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். குளிர் நாட்டு நிழலுக்கு அவை சரியான விடைதான். எங்கள் நிழல் வேறு. இங்கே நிழல் என்றாலும் வெக்கை. சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் மதிலோரத்து மண்ணும் காய்ந்து வெடிக்கும். குளிர் கேட்கிற கொடி அதைத் தாங்காது.

"வடக்குப் பக்கத்துச் சுவருக்கு வெயிலே வராது" என்று அந்த வீடியோக்கள் சொல்வதையும் அப்படியே எடுக்கக்கூடாது. யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். கிழக்கு மேற்காக ஓடுகிற ஆறடி மதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் நண்பகலில் அதன் நிழல் வடக்குப் பக்கம் ஏறக்குறைய நாலடி விழும். ஜூனில் நிழல் தெற்குப் பக்கம் மாறி, ஒன்றரை அடிதான் விழும். ஆகவே உங்கள் வடக்கு ஓரம் மாரியில் இருட்டு, கோடையில் வெயில். தெற்கு ஓரம் அதற்கு மறுபக்கம். மாரியில் பார்த்து "இது நிழல்" என்று முடிவெடுத்து நட்ட கொடி, மே மாதத்தில் கருகி நிற்பது இதனால்தான்.

அளந்து பார்ப்பதற்கு ஒரு வெண்கட்டி போதும். விடுமுறை நாளொன்றில் காலை 8 மணி, 10 மணி, நண்பகல், 2 மணி, 4 மணி என ஐந்து தடவை போய், வெயில் எங்கே நிற்கிறதோ அங்கே பிள்ளையைக் கொண்டு கோடு போடுங்கள். டிசம்பரில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை. அந்தப் பிள்ளைக்கு இது புவியியல் பாடமாகவும் அமையும். மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாக வெயில் படுகிற இடத்தைத்தான் நிழல் என்று இந்தப் பதிவில் சொல்கிறோம்.

இரண்டாவது கணக்கு, வீட்டில் ஆள் இருக்கிற நாள். இதை எந்தத் தோட்டக்கலைப் புத்தகமும் எங்களிடம் கேட்காது. எங்களில் பல குடும்பங்கள் இன்றைக்கும் பாதி புத்தளத்தில், பாதி இங்கே. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், வாப்பா இங்கே கடை வைத்திருக்கிறார். சில வீடுகள் பெருநாளுக்கும் விடுமுறைக்கும்தான் திறக்கின்றன. தினமும் தண்ணீர் கேட்கிற கொடியை அந்த வீட்டில் நடுவது அந்தக் கொடிக்குச் செய்கிற அநியாயம். எனவே எத்தனை மணித்தியாலம் வெயில், எத்தனை நாள் ஆள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுக் கொடியைத் தேடுங்கள்.

இனிக் கொடிகள்.

வெற்றிலை. நிழலுக்கென்றே படைக்கப்பட்ட கொடி. நேர் வெயில் பட்டால் இலை மஞ்சளாகும், தடிக்கும். குருநாகல் பக்கத்தில் ஏற்றுமதிக்குச் செய்கிறவர்களும் அதை நிழலில்தான் வளர்க்கிறார்கள். மூன்று நாலு கணு உள்ள தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. மாரியில் தேங்கினால் அடி அழுகிவிடும். காய்ந்த காற்று நேராக அடிக்கிற மூலையும் கூடாது. தினமும் ஆள் இருக்கிற வீட்டுக்கே இது பொருந்தும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: வெற்றிலைக் கொடி நடுவதும், பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லுவதும் ஒன்றல்ல. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் திட்டவட்டமாக வகைப்படுத்திவிட்டது. வாய்ப்புற்றுநோய் எங்கள் நாட்டில் சின்ன விடயம் இல்லை. கொடி வீட்டில் நிற்கட்டும், பாக்குப் பை பிள்ளைகளின் கையில் போகாமல் பார்ப்பது எங்கள் பொறுப்பு.

மிளகு. வெற்றிலையின் தம்பி. நிழலை விரும்பும், மரத்தைப் பிடித்து ஏறும். ஆனால் அது புளிப்புத் தன்மையுள்ள மண்ணைக் கேட்கிற மலைநாட்டுப் பயிர். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரும் கடினம். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இலை வெளிறும். ஆசைப்படுகிறவர்கள் பெரிய சாடியில் உக்கிய இலைமண் நிரப்பி, மழைத்தண்ணீர் சேர்த்து ஊற்றி வளர்க்கலாம். பக்கக் கிளையில் எடுத்த தண்டை நட்டால் அது ஏறாமல் பற்றையாக நின்று சாடியிலேயே காய்க்கும். நிலத்தில் நட்டு மூன்று வருடம் காத்திருந்து மனம் நோகாதீர்கள்.

கொடிப்பசளி. அவசரக்காரருக்கு இதுதான். இரண்டு மூன்று மணித்தியால வெயில் போதும். நிழலில் இலை இன்னும் அகலமாகவும் மெதுவாகவும் வரும். சந்தையில் வாங்கிய கட்டில் இலையைக் கறிக்கு எடுத்துவிட்டு, தடித்த தண்டை மண்ணில் குத்தினாலே வேர்விடும். இரண்டு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். பருப்போடு கடைந்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏற்றது, ஏனென்றால் வீடு மாறும்போது நாலு தண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

முசுட்டை, குறிஞ்சா, முசுமுசுக்கை, தூதுவளை. இந்த நாலும் எங்கள் குடாநாட்டு வேலிகளின் பழைய குடிகள். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களில் ஏறி, அந்த மரங்களின் நிழலிலேயே வளர்ந்தவை. முசுட்டை இலையை வறுக்கலாம், வறை செய்யலாம். குறிஞ்சா இலையை வறையாகவும் சுண்டலாகவும் செய்வார்கள். முசுமுசுக்கையும் தூதுவளையும் தடிமன், இருமல் காலத்தில் இரசத்துக்கும் கஞ்சிக்கும் தேடப்படுபவை. தூதுவளைக்கு முள் உண்டு. சின்னப் பிள்ளை ஓடித்திரிகிற பக்கத்தில் வைக்காதீர்கள், ஆட்கள் ஏறக்கூடாத மதிலில் வையுங்கள். இவை கோடையில் கொஞ்சம் காய்ந்தாலும் மழையோடு திரும்பத் தழைக்கும். இடைக்கிடை வருகிற குடும்பங்களுக்கு இவைதான் சரி.

இவற்றோடு சிறுகுறிஞ்சாவையும் சேர்க்கலாம். அதன் இலை ஒன்றை மென்று துப்பிவிட்டு நாக்கில் சீனி வைத்தால், மண்ணைப்போல் இருக்கும், இனிப்பே தெரியாது. கொஞ்ச நேரத்தில் நாக்கு பழையபடி வந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சுவைப் பாடம் இல்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தினமும் சாப்பிடத் தொடங்க வேண்டாம். மாத்திரையும் இலையும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறிக் குறைக்கலாம்.

சாத்தாவாரி. ஊசி போன்ற மெல்லிய இலை, முள் உள்ள கொடி. பார்க்கவும் அழகு. கிழங்கு வேர் இருப்பதால் கோடையைத் தாங்கும். மர நிழலில் நன்றாக நிற்கும். இலைக்கஞ்சிக்கு எடுக்கலாம்.

இராசவள்ளி. வளவில் ஒரு முருங்கையோ மாமரமோ இருந்தால் அதன் அடியில் வையுங்கள். அடி நிழலில் இருக்கும், கொடி மரத்தைப் பிடித்து ஏறி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். எட்டிலிருந்து பத்து மாதத்தில் கிழங்கு. தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிய அந்த ஊதாக் கஞ்சியின் ருசி தெரிந்தவர்களுக்கு நாங்கள் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முழு இருட்டில் கிழங்கு பருக்காது. ஏறுவதற்கு மரம் இல்லாத வீட்டில் வேண்டாம்.

மணிப் பிளாண்ட். எந்த இருட்டிலும் வளரும், போத்தல் தண்ணீரிலும் வளரும், யாரும் பார்க்காவிட்டாலும் வளரும். அதனால்தான் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது பசிபிக் தீவொன்றிலிருந்து உலகமெல்லாம் போன கொடி. நடுவது பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் இலையும் தண்டும் வாயில் பட்டால் எரிந்து வீங்கும், ஆகவே தவழுகிற பிள்ளைக்கும் ஆட்டுக்கும் எட்டக்கூடாது. குர்பானி ஆட்டை மதிலோரத்தில் கட்டுகிற வீடுகள் இதைக் கவனியுங்கள். மற்றது, மரத்தில் ஏறவிட்டால் இலை முறமளவுக்குப் பெருத்து அடங்காமல் போகும். சாடியோடு நிற்கட்டும்.

சுரை, பீர்க்கு, புடோல், பாகல் பற்றிக் கேட்பீர்கள். யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மீன் வயிற்றிலிருந்து கரைக்கு வந்தபோது அவர்களுக்கு மேலே அல்லாஹ் முளைக்கச் செய்தது சுரை வகைக் கொடி என்று குர்ஆன் விளக்கவுரைகளில் படித்திருக்கிறோம். அது நிழல் கொடுத்த கொடி, நிழலில் வளர்ந்த கொடி அல்ல. சுரைக்கு வெயில் வேண்டும். அதை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள், கீழே இருக்கிற அறையும் குளிரும்.

நடுகிற முறை பற்றிச் சில வார்த்தை.

வீடு கட்டிய மதிலோரத்து மண்ணில் பாதி சாந்தும் கல்லும்தான். ஒன்றரை அடி கிடங்கு வெட்டி அதை எடுத்துவிட்டு, செம்மண்ணும் ஆட்டெருவும் உக்கிய இலையும் போட்டு நிரப்புங்கள். பூவரசங்குழை கிடைத்தால் அடியில் போட்டு மூடுங்கள். குழை தாழ்ப்பது எங்கள் குடாநாட்டு விவசாயிகளின் பழைய பழக்கம், செலவும் இல்லை. மதிலிலிருந்து ஓர் அடி தள்ளி நடுங்கள்.

வெற்றிலையையும் மிளகையும் மதிலில் நேரே ஏறவிடாதீர்கள், கணுவேர் பூச்சைப் பிடித்துக் கறையாக்கும். நாலு விரல் இடைவெளி விட்டுப் பனஞ்சலாகையோ கம்பியோ நாட்டி, கயிறு கட்டி ஏற்றுங்கள். பழைய நைலோன் மீன்வலை இலகுவாகக் கிடைக்கிறது என்று அதைக் கட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குருவியும் ஓணானும் பாம்பும் சிக்கித் துடித்துச் சாகும்.

தண்ணீருக்கு ஒரு யோசனை. வுழூச் செய்கிற தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பேர், ஐந்து வக்து. அந்தத் தண்ணீர் முழுவதும் கானுக்குள் போகிறது. குழாயடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்காலோ பைப்போ வைத்தால் வெற்றிலைக்கு வேறு தண்ணீர் தேவைப்படாது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் இதைச் செய்தால் எவ்வளவு பச்சை வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, நாங்கள் அடிக்கடி கேட்கிற ஆட்சேபனைகள்.

"கொடி வைத்தால் நுளம்பு வரும்." டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கிற தண்ணீரில், இலையில் அல்ல. சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு, சிரட்டை, ரயர், மூடாத தாங்கி, இவைதான் அதன் வீடு. வளர்ந்த நுளம்பு நிழலில் ஒதுங்கும் என்பது உண்மை, அதனால் கொடியை அடர்ந்த புதராக விடக்கூடாது. தட்டை எடுத்துவிடுங்கள், மாதம் ஒரு தடவை கத்தரியுங்கள். உடைந்த சாமான் குவித்து வைத்திருக்கிற மதிலோரத்தில் வெற்றிலைக் கொடியைவிடப் பத்து மடங்கு நுளம்பு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"பாம்பு வரும்." நிலத்தோடு படர்ந்த கொடிக்குள் வரலாம். கீழ் ஓரடி உயரத்துக்கு இலையை எடுத்துவிட்டு, மண் தெரியும்படி கூட்டி வைத்தால் பாம்பு ஒளிக்க இடமில்லை. கல்குவியலும் விறகுக்குவியலும்தான் அதற்கு வசதியான இடம்.

"சீமெந்து போட்டால் துப்புரவு." துப்புரவுதான். ஆனால் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் நிற்கும், கிணறு இனிக்கும். எல்லா வளவையும் மூடினால் மழை ஒழுங்கைக்கு ஓடும், ஒழுங்கையிலிருந்து கானுக்கு, கானிலிருந்து களப்புக்கு. பிறகு ஓகஸ்டில் கிணறு உவர்க்கிறது என்று நாங்களே கவலைப்படுவோம். மூன்றடி அகலத் துண்டு சின்னதுதான். ஐம்பது வீட்டின் துண்டு சின்னதல்ல.

ஆனால் இவை எதுவும் உண்மையான ஆட்சேபனை இல்லை என்று எங்களுக்குத் தெரியும். உண்மையான ஆட்சேபனையை எங்கள் மூத்தவர்கள் மெதுவாகச் சொல்வார்கள்: "கொடி வேண்டாம் மகன். கொடி விட்டால் வீடு போய்விடும்."

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை இளைய பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்கள் சனம் வீட்டைப் பூட்டிவிட்டும் பூட்டாமலும் வெளியேற்றப்பட்டது. 2002 இல் பாதை திறந்தபோது வந்து பார்த்தவர்களுக்கும், 2009 இற்குப் பிறகு வந்தவர்களுக்கும் முதலில் கண்ணில் பட்டது பச்சை. ஓடும் மரமும் கதவும் ஜன்னலும் போன வீடுகளுக்குள் கொடி ஏறியிருந்தது. சுவர் வெடிப்புகளில் ஆலும் அரசும் வேர்விட்டிருந்தன. எது எந்த அறை என்று அடையாளம் காண முதலில் கத்தியால் வெட்ட வேண்டியிருந்தது. அப்படி வெட்டிய கைகளிடம் போய் "கொடி நடுங்கள்" என்று சொல்வது இலேசான காரியம் இல்லை. சீமெந்து போட்டு மெழுகிய வளவில் அவர்கள் காண்பது, இனி எதுவும் உள்ளே வராது என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நாங்கள் கேலி செய்யவில்லை.

என்றாலும் மரியாதையோடு ஒன்று சொல்கிறோம். அந்த வீடுகளைக் கொண்டுபோனது கொடி இல்லை. ஆள் இல்லாத இடத்துக்குக் கொடி பிந்தித்தான் வந்தது. ஆள் இருக்கிற வீட்டில், வாரம் ஒரு தடவை இலை பறிக்கிற கை இருக்கிற வீட்டில், கொடி கட்டிய கயிற்றோடு நிற்கும். பறிக்கப் பறிக்கத் தழைக்கும், ஆனால் எல்லை தாண்டாது. வளவில் அளவாக நிற்கிற ஒரு வெற்றிலைக் கொடி, இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு மின்பட்டியலைவிட நல்ல அத்தாட்சி.

இப்போது, முதலில் பின்னுக்குத் தள்ளிய அந்த இன்னொரு காரணம்.

போகன்வில்லாவைக் காசு கொடுத்து வாங்கலாம். முசுட்டையையும் முசுமுசுக்கையையும் அப்படி இலேசில் வாங்க முடியாது, பூங்கன்றுக் கடையில் அவை இருப்பது அரிது. அவை வேண்டுமென்றால், யாருடைய வேலியில் நிற்கிறது என்று தேடி, படலையைத் தட்டி, "ஒரு தண்டு தருவீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் தண்டு மட்டும் கிடைக்காது. எந்தப் பக்கம் நட வேண்டும், எந்த மாதம் நட வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்து கிடைக்கும். காட்டு இலைகளில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், ஆகவே தெரிந்த ஒருவர் கையால் வாங்கினால்தான் தைரியமாகச் சட்டியில் போடலாம்.

எங்கள் ஊரில் 1990 இற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்த இலைகளின் பெயர் தெரியாது. அது அவர்களின் குற்றம் இல்லை. அவர்கள் புத்தளத்து மணலில், ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். பெயர் தெரிந்த உம்மம்மாக்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். குடாநாட்டின் மற்றப் பக்கங்களில், பழைய வேலி இன்னும் மிஞ்சியிருக்கிற தமிழ் வீடுகளில், அந்தப் பெயர்களும் அந்தக் கொடிகளும் இன்னும் இருக்கின்றன. எங்கள் உம்மம்மாக்களும் அவர்களுடைய அம்மம்மாக்களும் ஒரே இலையைத்தான் ஒரே பெயரில் பறித்தார்கள். ஒரு தண்டு கேட்டுப் போவது பெரிய சமாதானப் பேச்சு இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தட்டாத படலைகள் இருக்கின்றன. தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால், இது கௌரவமான காரணம். அடுத்த மாரிக்கு உங்கள் கொடி தழைத்ததும் அவர்களுக்கு ஒரு பிடி இலை கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்பது எங்களுக்குச் சின்ன வயதில் மத்ரஸாவில் சொல்லித் தந்தது. நட்டவர் வாழ்நாள் முழுவதும் அந்த இடத்திலேயே இருந்தால்தான் என்று அதில் நிபந்தனை இல்லை. ஆகவே "நாங்கள் இங்கே நிலையாக இருப்போமா, போவோமா தெரியாது, அதற்குள் எதற்குக் கொடி?" என்று கேட்கிறவர்களுக்கும் எங்கள் பதில் ஒன்றுதான். பசளிக்கு இரண்டு மாதம் போதும். அதையாவது நடுங்கள்.

இந்த மாரி தொடங்குவதற்குள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறோம். மதிலோரத்தை முழுதாக மெழுகிவிட்ட வீடுகள், ஓரமாக ஓரடி அகலத்துக்காவது கல்லைக் கிளப்புங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள், மேசனிடம் அந்தத் துண்டை விடச் சொல்லுங்கள். எந்தக் கொடி என்று முடிவெடுக்க முடியாதவர்கள், உங்கள் ஓரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வெயில், வீட்டில் எத்தனை நாள் ஆள் என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம். வெற்றிலை, முசுட்டை, குறிஞ்சா, சாத்தாவாரி வீட்டில் நிற்கிறவர்கள் "தண்டு தரலாம்" என்று மட்டும் எழுதுங்கள், முகவரியைப் பகிரங்கமாகப் போட வேண்டாம், நேரில் பேசிக்கொள்வோம். மூத்தவர்கள் யாராவது இந்த இலைகளுக்கு எங்கள் தெருவில் வழங்கிய வேறு பெயர்கள் தெரிந்தால் பிள்ளைகளைக் கொண்டாவது எழுதுவியுங்கள். அந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கப்போகிறோம்.

வஸ்ஸலாம்.